முதலில் புதுக்கயிறு

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் கறுப்பு நூல் வாங்கக் கீழராஜ வீதிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நூல்கண்டுகளை எடுத்து வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட ஒருத்தரு வருவாரே, பெரிய மீசை வச்சுக்கிட்டு. அவரு வரலீங்களா?" என்றார். நீ போய்விட்டதைச் சொன்னேன். நூல்கண்டுகளைப் பொட்டலம் கட்டினார். "எல்லாரும் கெட்டிக் கயிறாக் குடுங்கன்னுதாங்க கேப்பாங்க. அந்துபோற கயிறாக் குடுங்கன்னு கேட்ட ஒரே ஆளு அவருதான்" என்றார்.

பையை வண்டியில் மாட்டிக்கொண்டு குளத்தூர்ச் சாலையில் நம் இல்லத்துக்கு வந்து சேரும்வரை புதுச் சாய நூலின் வாசனை கூடவே வந்தது. நீ பின்னால் உட்கார்ந்து "மெதுவாப் போ, இது என்ன ஜல்லிக்கட்டா" என்று முதுகில் குத்துவது போலவே இருந்தது.

இப்போது மாலை. புதிதாகச் சேர்ந்த காப்பாளர்களுக்கு இன்று பயிற்சி. முடித்துவிட்டு எல்லோரும் டீக்கடைப் பக்கம் போயிருக்கிறார்கள். பின்னால் பையன்கள் கைப்பந்து ஆடும் சத்தம் கேட்கிறது. நான் முன்னறையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். இருந்தபோது மட்டும் நான் எழுதிக் கொடுத்த எதை நீ முழுசாகப் படித்தாய்?

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் பி.எட். முடித்துவிட்டு வாத்தியார் வேலை கிடைக்காமல் வந்தவன். நீ கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டிலிருந்து வந்தவன். கொட்டை உடைத்து உடைத்து, தோட்டிலிருந்து கசியும் பால் பட்டு, உன் விரல்நுனிகள் கறுத்துக் காய்த்திருக்கும். முதல் நாளே என்னை "வாத்தியாரே" என்றாய். அதில் மரியாதை துளியும் இல்லை என்பது கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. பதிலுக்கு நான் "மாப்ளே" என்றேன். உனக்குக் கட்டிக்கொடுக்க எனக்குத் தங்கச்சி கிடையாது. ஆனாலும் கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது.

பலகையில் கூர்நோக்கு இல்லம் என்று எழுதியிருந்தாலும் ஊரார் அதைப் "பையன் ஜெயிலு" என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு வயது நிரம்பாமல் ஏதாவது வழக்கில் மாட்டிய பையன்கள், வழக்கு முடியும்வரை இருக்கிற இடம். அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையில் சாவிக்கொத்தையும் விசிலையும் கொடுத்தார்கள். அப்போது இருந்த பழைய காப்பாளர் ஒருவர், "சத்தம் போட்டாப் போதும்ப்பா, தானா அடங்கிருவானுக" என்றார். நம் மொத்தப் படிப்பும் அந்த ஒரு வரிதான். சத்தம் போடுவதற்கு உனக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. நீ ஒரு தடவை அதட்டினால் பக்கத்துத் தோப்புக் காக்கைகள் எழும்பும்.

புதுப் பையன் வந்தால் இந்த முன்னறையில்தான் முதல் வேலை நடக்கும். பெல்ட், துண்டு, கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வோம். கடைசியாகச் சட்டையைத் தூக்கச் சொல்லி, இடுப்பில் கட்டியிருக்கும் அரைஞாண் கயிற்றைக் கத்தரிக்கோலால் அறுத்துப் போடுவோம். எங்கோ ஓர் இல்லத்தில் ஒரு பையன் கயிற்றால் தன் உயிரைப் போக்கிக்கொள்ளப் பார்த்தானாம். அதிலிருந்து எந்தக் கயிறும் உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. உத்தரவு போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பயந்தது பையன் உயிருக்குத்தான்.

ஆனால் நம் பக்கத்தில் ஓர் ஆம்பளையின் அரைஞாணை அறுத்து வெறும் இடுப்பாக விடுவது எப்போது என்று யாருக்குத் தெரியாது? செத்த பிறகுதான். உயிரோடு இருப்பவனுக்குக் கயிறு நைந்துபோனால் முதலில் புதுசைக் கட்டுவார்கள், அதற்குப் பிறகுதான் பழசை அறுப்பார்கள். இடையில் ஒரு நொடிகூட இடுப்பு வெறுமையாக இருக்க விடமாட்டார்கள். இது உன் வீட்டிலும் வழக்கம், என் வீட்டிலும் வழக்கம். இல்லத்துக் கேட்டுக்குள் நுழைந்ததும் வீட்டு வழக்கம் எல்லாம் சட்டையோடு ஆணியில் தொங்கிவிடும் போலிருக்கிறது.

பிறகு அவன் வந்தான். பெயரை எழுத மாட்டேன். எழுதக்கூடாது என்பது சட்டம். குடுமியான்மலைப் பக்கத்துப் பையன் என்பதால் நீ அவனைக் "குடுமியான்" என்றாய், அதுவே இருக்கட்டும். கோயில் வாசலில் நின்ற யாரோ ஒருவருடைய பைக்கை எடுத்து, பெட்ரோல் தீரும்வரை ஓட்டிவிட்டு, மனசு கேட்காமல் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும்போது மாட்டிக்கொண்டவன். ஐப்பசி மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு இதே அறையில் நின்றான். பெல்ட்டைக் கொடுத்தான். துண்டைக் கொடுத்தான். சட்டையைத் தூக்கச் சொன்னதும் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, இது மட்டும் வேணாம்ணே. எங்க ஆத்தா கட்டுனது."

"வீட்டுக்குப் போனா ஒங்க ஆத்தா வேற கட்டும். கைய எடுடா" என்று அதட்டினாய். கையை எடுத்தான். நீ அறுத்தாய்.

அதிலிருந்து அவன் பேசவில்லை. இரண்டு வாய் சாப்பிடுவான், தட்டைத் தள்ளிவிடுவான். விளையாட வரமாட்டான். எந்த நேரமும் ஒரு கை இடுப்பிலேயே இருக்கும். "திமிரு" என்றாய். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் இன்னொரு பையன் ஏதோ கேலி செய்ய, அவன் மூக்கில் இவன் குத்திவிட்டான். நம் கண்காணிப்பாளர் மேடம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இவனை இங்கே வைத்துப் பார்க்க முடியாது, சிறுவர் வழக்கை விசாரிக்கிற நீதிக் குழுமத்தின் அடுத்த அமர்வில் சொல்லி வெளி மாவட்டத்தில் இருக்கிற பெரிய இல்லத்துக்கு மாற்றிவிடலாம் என்றார். அப்படிப் போய்த் திரும்பியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். போகும்போது பையனாகப் போவான், வரும்போது கண்ணே வேறாக இருக்கும்.

"போகட்டும் சனியன்" என்று நீ சொன்னாய். அன்றைக்கு மத்தியானமே உன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாய். அவன் அதைத் தொடவில்லை.

அவன் ஆத்தா பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தது அந்த வாரத்தில்தான். மகனைக் கட்டிப் பிடித்தது. முதுகைத் தடவிக்கொண்டே போன கை இடுப்பில் வந்து நின்றுவிட்டது.

"எங்கய்யா அருணாக்கயிறு?"

"அறுத்துப்புட்டாங்க" என்றான். கயிறு அறுத்த பிறகு அவன் வாயிலிருந்து நாம் கேட்ட முதல் பேச்சு அது.

அந்த அம்மா நம் பக்கம் திரும்பியது. "யாருய்யா அறுத்தது?"

நீ ஒளியவில்லை. முன்னால் வந்து, "நாந்தான். ரூல்ஸு அப்புடி" என்றாய்.

"உசுரோட இருக்கைலயே எம்புள்ளைய எடுத்துப்புட்டீங்களேய்யா" என்றது. குரல்கூட உயரவில்லை. உன்னை மேலும் கீழும் பார்த்தது. "ஒங்க இடுப்புல கட்டிவிட்ட மகராசி நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மகன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

சாபம் விட்டிருந்தால் நீ இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாய். அந்த அம்மா விட்டது வாழ்த்து. அன்று முழுக்க யாரையும் அதட்டாமல் திரிந்தாய். காக்கைகளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பயிற்சி வந்தது. புதுக்கோட்டையில் ஒரு கூட்ட அறை, இரண்டு நாள். நாம் வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் பயிற்சி. நீ முனகிக்கொண்டே வந்தாய். "மத்தியானம் பிரியாணியா சாம்பார் சாதமா, அதச் சொல்லு வாத்தியாரே. பயிற்சி எப்புடின்னு நான் சொல்லிப்புடுறேன்." சாம்பார் சாதம்தான். முதல் நாள் முழுக்கத் திரையில் ஏதேதோ ஓடிக்கொண்டிருந்தது. நீ சுவரோரம் சாய்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினாய். அந்த வித்தை எனக்குக் கடைசிவரை வரவே இல்லை.

இரண்டாம் நாள், பயிற்சி கொடுக்க வந்த மதுரைக்கார அம்மா திரையை அணைத்துவிட்டார். "இன்னைக்கு நான் பேசப்போறதில்லைங்க. நீங்க நடிச்சுக் காட்டணும். ஒரு பையன் கேட்டுக்குள்ள வந்த மொத அரை மணி நேரம். ஒருத்தர் பையன், ஒருத்தர் காப்பாளர்" என்றார். எல்லோரும் உன்னைப் பிடித்துத் தள்ளினார்கள். "இவரப் பையனாப் போடுங்க மேடம், அளவு சரியா இருக்கும்" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. காப்பாளராக நான் நின்றேன்.

நீ நன்றாகத்தான் நடித்தாய். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மீசையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "அண்ணே பசிக்குதுண்ணே" என்றாய். நான் உன் குரலிலேயே உன்னை அதட்டினேன். எத்தனை நாள் ஆசை அது. பெல்ட்டை வாங்கினேன், துண்டை வாங்கினேன். "சட்டையத் தூக்குடா" என்றேன். தூக்கினாய், அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து உன் கறுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தாய். அது விளையாட்டுப் பிடி இல்லை.

"தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்."

முதலில் அதையும் நடிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்துச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு உன் கண் தெரிந்தது. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. நீ என் கையை விட்டாய். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, நாற்காலி இருக்கும்போதே தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"எங்கப்பனுக்கு நாந்தான் அறுத்தேன், சுடுகாட்டுல" என்றாய். "அப்ப கை அந்த நடுக்கம் நடுங்குச்சு. இங்க வந்து இந்தப் பயலுகளுக்கெல்லாம் நடுங்காமலே அறுத்துருக்கேன்."

அந்த மதுரைக்கார அம்மாவை நான் இன்றைக்கும் மனசுக்குள் கும்பிடுகிறேன். ஆறுதல் சொல்லவில்லை, பாடமும் எடுக்கவில்லை. "சரி, நாளைக்கு என்ன செய்யப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார். நீ எழுந்து வெளியே போய்விட்டாய். சாப்பிடவும் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "குடுமியான அனுப்பக்கூடாது வாத்தியாரே" என்றாய்.

மறுநாள் மேடத்தின் முன்னால் போய் நின்றோம். அவனுக்கு மறுபடி கயிறு கட்டிவிட வேண்டும் என்று கேட்டாய். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"கட்டி விட்டுட்டு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மேடம். என் வேலைய எடுத்துக்கங்க."

"ஒங்க வேலைய எடுத்து நான் என்ன பண்ணப்போறேன்? போன உசுர ஒங்க வேலையக் குடுத்துத் திருப்பி வாங்க முடியுமா?"

 வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாய். மேடத்தைத் திட்டப் போகிறாய், சேர்ந்து திட்டலாம் என்று நானும் தயாராக இருந்தேன். நீயோ, "அவுங்க சொல்றதும் நாயந்தான். அப்ப ஆளத் தாங்காத கயிறா இருக்கணும்" என்றாய்.

அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கீழராஜ வீதிக் கடைக்குப் போனோம். இருந்த கயிற்றில் எல்லாம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வந்தாய். வேப்பமரக் கிளையில் ஒவ்வொன்றாகக் கட்டி, வாளியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, செம்பால் தண்ணீர் ஊற்றினாய். நைலான் கயிறு வாளி நிறையத் தாங்கியது. "இவன் எமன்" என்று சுருட்டி எறிந்தாய். முறுக்கிய பருத்திக் கயிறும் தாங்கியது. பட்டுக் கயிறு தாங்கியது. பையன்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள், வாளிக்கும் உனக்கும் என்ன சண்டை என்று ஒருவனுக்கும் புரியவில்லை. கடைசியில் ஒற்றைக் கறுப்பு நூல். வாளி பாதி நிரம்பும் முன்னே பட்டென்று அறுந்து, தண்ணீர் மொத்தமும் உன் தலையில் கொட்டியது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நீ சிரித்தாய். ஜன்னல் முழுக்கச் சிரித்தது.

குடுமியான் மட்டும் வராந்தாத் தூணோரம் நின்றிருந்தான். மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"எதுக்குண்ணே இது?"

"ஒனக்குத்தான்டா."

அறுந்து கிடந்த நூலைக் குனிந்து எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தான். "குளிக்கைலயே அந்துருமேண்ணே."

"அந்துபோனா வேற கட்டிக்குவோம். நூலுக்கா பஞ்சம்?" என்றாய்.

மேடம் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வந்து அந்த நூலைத் தன் கையாலேயே இழுத்துப் பார்த்தார். அறுந்தது. இன்னொரு துண்டை வாங்கி இழுத்தார். அதுவும் அறுந்தது. "இடுப்பளவுதான் இருக்கணும். மிச்சம் தொங்கக்கூடாது. தெனமும் பாக்கணும். இவன் ஒருத்தனுக்கு மட்டும் மொதல்ல கட்டுங்க" என்றார். "அமர்வு வரைக்கும் பாப்போம். அப்பவும் இப்புடியே இருந்தான்னா நான் அனுப்பித்தான் ஆகணும்."

"மொதல்ல எனக்கு" என்றாய் நீ. அவன் இடுப்பில் ஏறப்போவதை உன் இடுப்பில் கட்டிப் பார்க்காமல் எப்படி என்று ஒரே பிடிவாதம். நான்தான் உனக்கு அந்த நூலைக் கட்டினேன். கட்டி முடித்த பிறகு உன் பழைய முறுக்குக் கயிற்றை அறுத்தேன். முந்தின நாள் ஒடிப்பேன் என்று என்னைப் பிடித்த கை பக்கத்திலேயே இருந்ததால் கொஞ்சம் எட்டி நின்றே அறுத்தேன்.

அவன் ஊரில் ஒரு பெட்டிக்கடைக்குப் போன் செய்து ஆத்தாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தது. நூலை அந்த அம்மாவிடம் நீட்டினாய். வாங்கவில்லை. "அறுத்த கையே கட்டட்டும்யா" என்றது.

நீ அவன் முன்னால் மண்டியிட்டாய். முந்திரிப்பாலில் காய்த்துப்போன உன் விரலுக்கு அந்த மெல்லிய நூல் அகப்படவே இல்லை. முடிச்சு விழும், உருவிக்கொள்ளும். உன் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "அண்ணே, அப்புடி இல்ல" என்று சொல்லி ஒரு நுனியைத் தன் விரலால் அழுத்திப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட முடிச்சு அது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. எனக்கும் தாங்கவில்லை, கேட்டைப் பூட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

அன்று மத்தியானம் அவன் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டான். சமையல்காரர் முறைத்தார். நீ சமையல்காரரை முறைத்தாய்.

அமர்வில் நடுவர் கேட்டதற்கெல்லாம் நிமிர்ந்து பதில் சொன்னான். பைக் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டான். வெளி மாவட்டத்துப் பேச்சே எழவில்லை. ஐ.டி.ஐ.யில் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆத்தாவின் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது உன்னிடம் வந்து நின்றான். நீ அவன் சட்டையைத் தூக்கிக் கயிறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "போடா" என்றாய். உனக்கு வழியனுப்பத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மேடமும் சம்மதிக்க, அது நம் இல்லத்தின் வழக்கமாகிவிட்டது. புதுப் பையன் வந்தால் முதலில் நாற்காலி, பிறகு டீ, பிறகு பேச்சு. நூலைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுப்பது. கட்டும் வழக்கம் இல்லாதவனுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாய். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பாய் வீட்டுப் பையன் வந்தான். "நாங்க இடுப்புல கட்டமாட்டோம்ணே. உம்மா குடுத்த தாயத்துதான் இருக்கு" என்று தோளைக் காட்டினான். தடித்த நைலான் கயிறு. நீ புது நூலை முதலில் அவன் கையில் கட்டி, தாயத்தை அதற்கு மாற்றிய பிறகே நைலானை வெட்டினாய். அவனும் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

பிற இல்லங்களிலிருந்தும் பயிற்சிக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் நாள் முழுக்க உட்கார்ந்து உரை எழுதித் தருவேன், நீ அதை விசிறியாக வைத்துக்கொள்வாய். எங்கே போனாலும் நீதான் பையன். "என்னைய அறுக்க வாங்க பாப்போம்" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். முரட்டுக் காப்பாளர்கள் எத்தனை பேர் கத்தரிக்கோலோடு வந்து பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். விசில் தொலைந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னாய். அது உன் பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததை நான் பார்த்தேன், கேட்கவில்லை. இதற்காக உன்னைப் பெரிய மகான் ஆக்கிவிட மாட்டேன். உன் வாய் கடைசிவரை அப்படியேதான் இருந்தது. நெஞ்சுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போடச் சொன்னால் என்னிடமும் அதே வாய்தான். அந்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் நான் இப்போது உட்கார்ந்து இதை எழுத வேண்டியிருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன மாசியில், முந்திரி பூத்திருந்த நேரத்தில், நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று உன் மகன் போன் செய்தான். நான் வந்து சேரும்போது குடுமியான் எனக்கு முன்னால் வந்திருந்தான். இப்போது சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். போட்ட வேலையைப் பாதியில் விட்டு வந்திருப்பான் போல, கையில் கிரீஸ்கூடக் காயவில்லை. பந்தலுக்குக் கால் ஊன்றுவதிலிருந்து தண்ணீர் சுமப்பதுவரை அவன்தான் ஓடிக்கொண்டிருந்தான். உன் சொந்தக்காரர்கள் அவனை யார் என்று கேட்டார்கள். "அண்ணனுக்கு வேண்டியவன்" என்று மட்டும் சொன்னான்.

சுடுகாட்டில் உன் பங்காளி ஒருவர், "அருணாக்கயித்த அறுக்கணும்ப்பா, பிளேடு யாருகிட்டயாச்சும் இருக்கா?" என்று கேட்டார். யாரிடமும் இல்லை. நான் கிட்டே வந்து பார்த்தேன். உன் இடுப்பில் அதே ஒற்றைக் கறுப்பு நூல். இத்தனை வருஷமும் அறுந்து அறுந்து நீ மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாய், மாப்ளே. பயிற்சிக்காக மட்டும் கட்டுகிறாய் என்றே நான் நினைத்திருந்தேன்.

என் கை என்னைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போனது. அதில் எப்போதும் ஒரு நூல்கண்டு கிடக்கும், உனக்குத் தெரியும். ஒரு முழம் உருவிக்கொண்டு உன் பக்கத்தில் குனிந்தேன். பங்காளி என் தோளைத் தொட்டார். "என்னங்க பண்றீங்க? இப்பப் புதுசு கட்டக்கூடாதுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு இனிமேல் புதுசு கிடையாது. முதலில் கட்டு, பிறகு அறு என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாய். உனக்கு மட்டும் புதுசு கட்டாமல் அறுக்க வேண்டியதாயிற்று. நூலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் இல்லை.

உன் மகன் பிளேடுக்கு ஆளனுப்பப் பார்த்தான். பின்னாலிருந்து குடுமியான், "பிளேடு வேணாம் தம்பி. ரெண்டு விரலால லேசா இழுங்க, வந்துரும். அதுக்குன்னே தேடி வாங்குன நூலு" என்றான். உன் மகன் இழுத்தான். சத்தம்கூட இல்லாமல் வந்துவிட்டது. உன் அப்பனுக்கு அறுத்தபோது உன் கை நடுங்கியது என்றாய். உன் மகனுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கும் வேலையே இல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இனி இன்றைய சங்கதி. நீ போன பிறகு பயிற்சியில் நான்தான் பையன். என் தொப்பையைப் பார்த்து இவர்களும் சிரித்தார்கள். காப்பாளராக நடிக்க வந்தவன் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத இளவட்டம். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான். "டீ குடிக்கிறியாப்பா?" என்றான். நூலை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். கட்டிய பிறகு பழசை அறுத்தான். "சார், இத மொதல்ல கட்டணும்னு ரூல்ஸ்லயே இருக்கா?" என்று கேட்டான். "இப்ப இருக்கு" என்றேன். அந்த "இப்ப" எங்கிருந்து வந்தது என்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் கதையைச் சொன்னேன். பெரிதாகக் கதைவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதே வாசலில் ஜீப் வந்து நின்றது. நிஜமான பையன். அழுது வீங்கின முகம். அந்த இளவட்டத்தை முன்னறைக்கு அனுப்பிவிட்டு நான் கதவோரம் நின்றுகொண்டேன். நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான், பெயரைக் கேட்டான். இடுப்புப் பேச்சு வந்ததும் பையன் இரண்டு கையாலும் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இதே அறையில், அதே இடத்தில், அதே பிடி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன், மாப்ளே.

இவன் அதட்டவில்லை. கத்தரிக்கோலை மேசையில் தள்ளி வைத்தான். நூலை விரித்துக் காட்டினான்.

"பயப்படாதப்பா. மொதல்ல புதுசு."

பையன் அந்த நூலைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான். ஒரு கையை எடுத்தான். கொஞ்சம் பொறுத்து மறு கையையும் எடுத்தான்.

இப்போது கைப்பந்துச் சத்தத்தில் ஒரு புதுக் குரலும் சேர்ந்து கேட்கிறது, அவனாகத்தான் இருக்க வேண்டும். என் இடுப்பில் அந்த இளவட்டம் போட்ட முடிச்சு உறுத்திக்கொண்டிருக்கிறது. நீ போட்டதைவிட மோசமான முடிச்சு. அவிழ்த்துக் கட்ட மனசு வரவில்லை. அதுவாக அறுகிறவரை இருக்கட்டும். பை நிறையக் கண்டு வாங்கி வந்திருக்கிறேன். அந்துபோனால் வேறு கட்டிக்கொள்வோம்.